ஒரு துடைப்பமும் ஒரு படி புளியங்கொட்டையும்: தொடக்கப்பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு

சென்னையில் எந்தத் தொடக்கப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே 'செயல்பாடு' என்ற சொல் உங்கள் காதில் விழும். 2003ஆம் ஆண்டு மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பிறகு மாநிலம் முழுவதும் பரவியது. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளின் நிலையைப் பிரித்துப் பாடம் நடத்தும் வழக்கம் அதோடு வந்தது. பயிற்சி நூல்களும் அட்டைகளும் அலமாரியில் இருக்கும். ஆனால் ஒரே அறையில் நாற்பது குழந்தைகளையும் நாற்பது நிமிடத்தையும் வைத்துக்கொண்டு எங்கிருந்து தொடங்குவது என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்று. குழந்தையின் கையில் பொருளைக் கொடுத்துவிட்டதாலேயே கணக்கு வந்துவிடாது. கை செய்வதை வாய் சொல்ல வேண்டும். வாய் சொன்னதை அந்த நிமிடமே நோட்டில் எழுத வேண்டும். கை, வாய், நோட்டு மூன்றும் ஒன்றாக ஓடினால்தான் அது பாடம். கை மட்டும் ஓடினால் குழந்தைகள் மகிழ்ச்சியாக இருப்பார்கள், மறுநாள் அதே கணக்கைக் கரும்பலகையில் எழுதினால் விழிப்பார்கள். கீழே வரும் ஒவ்வொரு செயல்பாட்டையும் இந்த மூன்றையும் மனதில் வைத்தே படியுங்கள்.

முதலில் சேர்க்க வேண்டியவை

கடையில் விற்கும் பிளாஸ்டிக் பெட்டிகளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். புதிய தென்னந்துடைப்பம் ஒன்று வாங்குங்கள். ஈர்க்குகளை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கூர்மையான நுனிப்பக்கத்தைக் கழித்துவிட்டால் வகுப்புக்கே போதுமான குச்சிகள் கிடைக்கும். ஒரு பாக்கெட் ரப்பர் பேண்ட். புளியங்கொட்டை குழந்தைகளின் வீட்டிலிருந்தே வரும். கொட்டைப் புளி வாங்கும் வீடுகள் இன்னும் நிறைய உண்டு. ஒன்றாம் வகுப்பு என்றால் கொட்டையைத் தவிர்த்துப் பாட்டில் மூடிகளைச் சேருங்கள். அந்த வயதில் கொட்டை மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும் போகும். இதில் அலட்சியம் கூடாது.

தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை யாரும் தூக்கிப்போட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். பெரிய எழுத்தில் 1 முதல் 31 வரை எண் அட்டைகள் காசில்லாமல் கிடைத்துவிடும். தாளும் அட்டையும் மொத்தமாக வேண்டுமானால் பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவுக்குப் போங்கள். வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள். இவ்வளவு போதும். பத்துப் பதினைந்து வகைப் பொருள் இருக்கும் வகுப்பைவிட, நான்கைந்து பொருளை ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வகுப்பில்தான் கணக்கு நிலைக்கிறது. புதுப் பொருள் வரும்போதெல்லாம் குழந்தை முதலில் அந்தப் பொருளோடு பழக வேண்டும். பழகி முடிப்பதற்குள் பாடவேளை முடிந்துவிடும்.

தினம் ஒரு குச்சி

பள்ளி திறக்கும் நாளிலேயே இதைத் தொடங்குங்கள். சுவரில் மூன்று பைகளை வரிசையாகத் தைத்து மாட்டுங்கள். வலப்பக்கம் 'ஒன்றுகள்', நடுவில் 'பத்துகள்', இடப்பக்கம் 'நூறுகள்'. தினமும் காலையில் ஒரு குழந்தை ஒரு குச்சியை ஒன்றுகள் பையில் போடட்டும். பத்தாவது குச்சி வந்ததும் பத்தையும் வெளியே எடுத்து ரப்பர் பேண்ட் போட்டு, கட்டாகப் பத்துகள் பைக்கு மாற்ற வேண்டும். பையின் கீழே எண்ணை எழுத வேண்டும். 10 என்பதில் வலப்பக்கம் ஏன் பூஜ்யம் நிற்கிறது என்பதை அன்று நீங்கள் விளக்க வேண்டியதில்லை. ஒன்றுகள் பை காலியாகத் தொங்குவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பள்ளியின் நூறாவது வேலைநாளில் பத்துக் கட்டுகள் சேர்ந்து ஒரு பெருங்கட்டாகி நூறுகள் பைக்குப் போகும். அந்த நாளை எதிர்பார்த்துக் குழந்தைகள் தாமாகவே கணக்குப் போடத் தொடங்குவார்கள்.

கட்டுகளைக் குழந்தைகளே கட்ட வேண்டும். முன்கூட்டியே கட்டி வைத்துக் கொடுத்தால் அது அவர்களுக்குப் 'பத்து' இல்லை, தடித்த ஒரு குச்சி.

இரண்டாம், மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தல் வரும்போது இந்தக் குச்சிகள்தான் கைகொடுக்கும். 43இலிருந்து 17ஐக் கழிக்க வேண்டும். நான்கு கட்டு, மூன்று குச்சி மேசையில் இருக்கிறது. ஏழு குச்சி எடுக்கச் சொல்லுங்கள். இருப்பது மூன்றுதான். கொஞ்ச நேரம் பொறுங்கள், நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். யாராவது ஒரு குழந்தை "ஒரு கட்டைப் பிரிக்கலாமா, டீச்சர்?" என்று கேட்கும். பிரித்ததும் மூன்று கட்டு, பதின்மூன்று குச்சி. இப்போது ஏழு எடுத்தால் ஆறு மிச்சம். ஒரு கட்டை எடுத்தால் இரண்டு கட்டு மிச்சம். 26.

இதில் தவறவிடக்கூடாத இடம் ஒன்று உண்டு. இருவர் இருவராக உட்கார வையுங்கள். ஒருவர் குச்சியை நகர்த்த, மற்றவர் எழுத வேண்டும். கட்டு பிரிந்த அந்தக் கணத்தில் நோட்டில் 4ஐ அடித்து 3 எழுத வேண்டும், 3க்குப் பக்கத்தில் 13 எழுத வேண்டும். குச்சி வேலை முழுவதும் முடிந்த பிறகு எழுதச் சொன்னால் அது இரண்டு தனித்தனி வேலையாகிவிடும். 4ஐ ஏன் அடித்தோம் என்று எந்தக் குழந்தையைக் கேட்டாலும் "ஒரு கட்டைப் பிரித்துவிட்டோம்" என்று பதில் வர வேண்டும். "பக்கத்து வீட்டில் கடன் வாங்கினோம்" என்ற பதில் எனக்குப் போதாது. கடன் என்றால் திருப்பித் தர வேண்டும். இங்கே யாரும் எதையும் திருப்பித் தருவதில்லை.

1939இல் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். அவருடைய மணிகளை நீங்கள் பார்த்திருக்கலாம்: தனி மணி, பத்து மணி கோத்த கம்பி, நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கனசதுரம். மிக அழகான பொருள், வாங்க முடிந்த பள்ளி வாங்கட்டும். ஆனால் கம்பியில் கோத்த பத்தைப் பிரிக்க முடியாது, தனி மணிகளாக மாற்றித்தான் வாங்க வேண்டும். ரப்பர் பேண்டைக் கழற்றினால் குச்சிக்கட்டு கண்ணெதிரே பத்தாக விரியும். கழித்தலைத் தொடங்கும் குழந்தைக்கு நான் குச்சியைத்தான் கொடுப்பேன்.

கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை

எண்கோட்டுக்குச் சென்னையில் ரயில் பாதையே இருக்கிறது. கடற்கரை நிலையத்தை 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டை 1, பூங்கா 2, எழும்பூர் 3, சேத்துப்பட்டு 4, நுங்கம்பாக்கம் 5, கோடம்பாக்கம் 6, மாம்பலம் 7, சைதாப்பேட்டை 8, கிண்டி 9. பத்தாவதாகப் பரங்கிமலை. பிறகு பழவந்தாங்கல் 11, மீனம்பாக்கம் 12, திரிசூலம் 13, பல்லாவரம் 14, குரோம்பேட்டை 15, தாம்பரம் சானடோரியம் 16, தாம்பரம் 17. மிருகக்காட்சி சாலை வரை போக வேண்டும் என்று குழந்தைகள் கேட்டால் பெருங்களத்தூரை 18 ஆகவும் வண்டலூரை 19 ஆகவும் சேர்த்துக்கொள்ளலாம்.

தாழ்வாரத்தில் சாக்பீஸால் நீளக் கோடு போட்டுச் சம இடைவெளியில் நிலையங்களைக் குறியுங்கள். எண்ணை மேலேயும் பெயரைக் கீழேயும் எழுதுங்கள். தமிழ் வாசிப்பும் இதிலேயே நடந்துவிடும். பரங்கிமலைக்கு மட்டும் ஒரு பெரிய வட்டம்.

முதலில் சும்மா பயணம் போகட்டும். "எழும்பூரில் ஏறி நான்கு நிலையம் தள்ளி இறங்கு." குழந்தை 3இலிருந்து நான்கு தாவல் தாவி மாம்பலத்தில் நிற்க வேண்டும். பாதிப் பேர் கோடம்பாக்கத்தில் நிற்பார்கள். ஏறிய நிலையத்தையே 'ஒன்று' என்று எண்ணிவிடுவதுதான் காரணம். எண்கோட்டில் குழந்தைகள் செய்யும் பிழைகளில் இதுவே மிகப் பரவலானது. நோட்டில் இந்தப் பிழை கண்ணுக்குத் தெரியாது, விடை ஒன்று குறைந்திருப்பது மட்டும் தெரியும். தரையில் அது அப்படியே தெரிகிறது. கால் தரையை விட்டு எழும்போதுதான் எண்ண வேண்டும் என்று விதி வையுங்கள். சுற்றி நிற்பவர்கள் ஒவ்வொரு தாவலுக்கும் கை தட்டட்டும். ரயில் நகர்ந்தால்தான் ஒன்று.

அடுத்த வாரம் பரங்கிமலையைப் பயன்படுத்துங்கள். 8 + 5 என்பது சைதாப்பேட்டையில் ஏறி ஐந்து நிலையம். ஒவ்வொன்றாகத் தாவ வேண்டாம், பரங்கிமலையில் வண்டி மாற வேண்டும் என்று சொல்லுங்கள். "பரங்கிமலைக்கு எத்தனை?" இரண்டு. "ஐந்தில் இரண்டு போனால் இன்னும் எத்தனை?" மூன்று. திரிசூலம், 13. பத்தை நிரப்பிக் கூட்டுவது என்பது இதுதான், விரல் விட்டு எண்ணுவதிலிருந்து குழந்தையை விடுவிப்பதும் இதுதான். திரும்பும் பயணம் கழித்தல்: திரிசூலத்திலிருந்து ஐந்து நிலையம் பின்னால் வர, மூன்றில் பரங்கிமலை, இன்னும் இரண்டில் சைதாப்பேட்டை. ஒவ்வொரு பயணத்தையும் நோட்டில் ஒரு கோடும் இரண்டு வளைவுமாக வரையச் சொல்லுங்கள்; வளைவின் மேல் எண், கீழே 8 + 2 + 3 = 13. தாழ்வாரம் மழையில் நனைந்திருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் படமே பாடத்தை நடத்திவிடும்.

உங்கள் பள்ளி வண்ணாரப்பேட்டைப் பக்கம் இருந்தால் மெட்ரோ நிலையங்களையோ, குழந்தைகள் தினம் பார்க்கும் பஸ் நிறுத்தங்களையோ வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பத்தாவது இடத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயர் வரும்படி தொடக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பல்லாங்குழி, கோலம்

பல்லாங்குழியில் இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி. விளையாடும் முன் கேளுங்கள்: குழிக்கு ஐந்து கொட்டை போட்டால் மொத்தம் எத்தனை வேண்டும்? ஆறு போட்டால்? 70, 84 என்று எண்ணிப் பார்த்துச் சொல்லட்டும். பலகை வேண்டியதில்லை, முட்டை அட்டையை வெட்டிக்கொள்ளலாம். வகுத்தலுக்கும் இதுவே இடம். 24 கொட்டையை ஆறு குழியில் சமமாகப் போட்டால் குழிக்கு எத்தனை என்பது ஒரு கேள்வி. குழிக்கு ஆறு போட்டால் எத்தனை குழி நிரம்பும் என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் விடை 4தான், ஆனால் கை செய்யும் வேலை வேறு. முதலாவதில் ஒவ்வொன்றாகப் பங்கிடுகிறோம், இரண்டாவதில் ஆறாறாக அள்ளுகிறோம். இரண்டையும் செய்த குழந்தைதான் வாக்கியக் கணக்கைப் படித்து எது வகுத்தல் என்று கண்டுபிடிக்கும்.

பெருக்கலுக்குக் கோலப் புள்ளி. ஏழு வரிசை, வரிசைக்கு எட்டுப் புள்ளி. எண்ணாமல் எப்படிச் சொல்வது? ஐந்து வரிசைக்குக் கீழே ஒரு கோடு கிழியுங்கள்: மேலே 40, கீழே 16, மொத்தம் 56. வாய்ப்பாடு மறந்துபோனாலும் மீட்டெடுக்க வழி இருக்கிறது என்று குழந்தைக்குத் தெரிய வேண்டும். வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யவே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மனப்பாடமும் வேண்டும், மறந்தால் திரும்பும் வழியும் வேண்டும். நான்காம், ஐந்தாம் வகுப்பில் இடைப்புள்ளிக் கோலத்தைக் கொடுங்கள். ஏழு புள்ளியில் தொடங்கி நான்கு வரை குறையும் கோலத்தில் 4, 5, 6, 7, 6, 5, 4 என்று மொத்தம் 37 புள்ளிகள். தொடக்கம் ஒன்பதானால், முடிவு ஐந்தானால் எத்தனை என்று வரையாமலேயே சொல்லச் சொல்லுங்கள். மார்கழியில் இந்தப் பாடத்தை வீட்டுவேலையாகவே கொடுத்துவிடலாம். அம்மாவோடும் பாட்டியோடும் உட்கார்ந்து கணக்குப் போடும் வாய்ப்பு வேறு எப்போது வரும்?

அன்றாடப் பொருள்களில் கணக்கைத் தேடிய ஆசிரியர் சென்னையிலேயே இருந்தார். பி.கே.சீனிவாசன் ராயபுரத்தில் இராமானுஜனுக்காகக் கணித அருங்காட்சியகம் ஒன்றை உருவாக்கினார். மாதக் காலண்டர் தாள் ஒன்றை எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் நான்கு தேதிகளைச் சுற்றிக் கட்டம் போடச் சொல்லுங்கள். 8, 9, 15, 16 என்றால் மூலைக்கு மூலை கூட்டினால் இரண்டு பக்கமும் 24. எந்த நான்கை எடுத்தாலும் இப்படி வருமா, ஏன் வருகிறது? ஐந்தாம் வகுப்புக்கு ஒரு பாடவேளை முழுக்க இதற்குக் கொடுக்கலாம்.

பின்னமும் அளவும்

பின்னத்துக்குச் செய்தித்தாள் போதும். ஒரே நீளத்தில் ஐந்து பட்டைகள். ஒன்று முழுசு, மற்றவற்றை இரண்டாக, மூன்றாக, நான்காக, எட்டாக மடித்து ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்ட வேண்டும். மூன்றைவிட நான்கு பெரிது, அதனால் 1/3ஐவிட 1/4 பெரிது என்று நினைக்கும் குழந்தை தன் பட்டையைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும். மூன்றாக மடிப்பது கடினம். அதில் நேரம் போவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், 'சம பாகம்' என்பது அங்கேதான் புரிகிறது.

கொள்ளளவுக்குக் கழுவிய அரை லிட்டர் பால் பாக்கெட் உறையும் 20 லிட்டர் தண்ணீர் கேனும். எத்தனை உறைத் தண்ணீர் ஊற்றினால் கேன் நிரம்பும்? முதலில் ஊகம், பிறகு கணக்கு, பிறகு அளவு என்ற வரிசை மாறக்கூடாது. வீட்டுக் குடம் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று அளந்துவரச் சொன்னால் ஆளுக்கொரு விடை வரும்; ஏன் வேறுபடுகிறது என்று பேசுங்கள். வகுப்பில் அளந்த தண்ணீர் செடிக்குப் போகட்டும். தெருவில் லாரிக்குக் காத்து நிற்கும் வீட்டுக் குழந்தைகள் முன்னால் தண்ணீரைக் கொட்டக்கூடாது.

மற்றப் பாடங்களில்

தமிழில் உயிர்மெய் வரிசையை ஒரு கட்டமாகப் போடுங்கள்: மேலே பன்னிரண்டு உயிர், பக்கவாட்டில் பதினெட்டு மெய். ஒரு குழந்தை 'ம்' வரிசையில் விரல் வைக்க, இன்னொரு குழந்தை 'ஊ' நிரலில் விரல் வைக்க, இரண்டும் சந்திக்கும் இடத்தில் 'மூ'. 12 × 18 = 216 என்ற பெருக்கலும் அங்கேயே கிடைத்துவிடும்; உயிரும் மெய்யும் ஆய்தமும் சேர்ந்தால் 247. குறில், நெடில் மாறிப் படிக்கும் குழந்தைகளுக்கு இந்த விரல் பயிற்சி தினம் ஐந்து நிமிடம் போதும்.

அறிவியலுக்கு நிழலைவிட மலிவான கருவி கிடையாது. திறந்தவெளியில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, மணிக்கொரு முறை நிழலின் நுனியில் கல் வைத்து, நீளத்தை அளந்து எழுதட்டும். ஆண்டில் இரண்டு நாள், ஏப்ரல் 24ஐயும் ஆகஸ்ட் 18ஐயும் ஒட்டி, சூரியன் சென்னையின் நேர் உச்சிக்கு வருகிறது. பகல் பன்னிரண்டு தாண்டிச் சில நிமிடங்களில் செங்குத்தான குச்சிக்கு நிழலே இருக்காது. ஆகஸ்ட்டில் பள்ளி நடக்கும், ஆகவே அந்த வாரத்தை நாட்குறிப்பில் குறித்து வையுங்கள். இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே. வெயிலில் நிற்பது பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சூரியனை நேராகப் பார்க்கக்கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழையில் மழைமானி. வாயும் அடியும் ஒரே அகலமாக உள்ள பாத்திரம் வேண்டும், மேலே குறுகிய பாட்டில் உதவாது. காலையில் அளவுகோல் வைத்து மில்லிமீட்டரில் எழுதி, செய்தித்தாளில் வரும் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் அளவுகளோடு ஒப்பிட்டுப் பட்டை வரைபடம் போடலாம். கணக்கு, அறிவியல், தமிழ் வாசிப்பு மூன்றும் ஒரே வேலையில் நடக்கும்.

சமூக அறிவியலில் வரைபடத்தைக் கடலிலிருந்து தொடங்குங்கள். கடற்கரை எந்தப் பக்கம் என்று சென்னைக் குழந்தைக்குத் தெரியும், அதுதான் கிழக்கு. அங்கிருந்து மற்றத் திசைகள், பிறகு பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகும் வழி.

வகுப்பை நடத்துவது

நான்கு பேருக்கு மேல் குழு வேண்டாம். ஐந்தாவது குழந்தை வேடிக்கைதான் பார்க்கும். பொருள்களைக் குழுவுக்கு ஒரு துணிப்பையாகப் பிரித்து, உள்ளே என்ன எத்தனை என்று சீட்டு வையுங்கள். எடுக்கும்போதும் வைக்கும்போதும் குழந்தைகளே எண்ணிச் சரிபார்க்கட்டும். பேச்சுச் சத்தம் இருக்கத்தான் செய்யும், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அமைதிக்கு ஒரு கைத்தட்டு ஒழுங்கைப் பழக்கிவிட்டால் தொண்டை தப்பிக்கும். நாற்பது நிமிடத்தில் பொருளோடு இருபது, எழுத்துக்குப் பத்து, மீதிப் பத்து முழு வகுப்பாகப் பேச. கடைசிப் பத்து நிமிடத்தை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். ஒரே கணக்கை இரண்டு குழுக்கள் வேறு வேறு வழியில் செய்ததை எதிரெதிரே வைத்துப் பேசுவது அப்போதுதான்.

பல பள்ளிகளில் வீட்டில் தெலுங்கோ உருதோ இந்தியோ பேசும் குழந்தைகள் இருக்கிறார்கள். கட்டட வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தமிழ் தடுமாறுவதால் கணக்கும் வராது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குச்சியை நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள். எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று கை சொல்லிவிடும். அந்தக் குழந்தையின் பக்கத்தில் நிறையப் பேசும் குழந்தையை உட்கார வையுங்கள்.

பொருளை எப்போது எடுத்து வைப்பது

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. பொருளை ஒரே நாளில் பிடுங்கக்கூடாது, ஆண்டு முழுவதும் கையில் வைத்திருக்கவும் கூடாது. குச்சியைத் தொடாமல் "கட்டைப் பிரித்தால் எத்தனை வரும்?" என்று கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டோ கூரையைப் பார்த்தோ சரியாகச் சொல்லும் குழந்தை படத்துக்குப் போகலாம்: கட்டுக்கு ஒரு நீளக் கோடு, குச்சிக்கு ஒரு புள்ளி. படம் வரையாமலேயே எண்ணில் செய்துவிட்டு, ஏன் அப்படி என்று கேட்டால் குச்சியின் மொழியில் விளக்க முடிந்தால் அந்தக் குழந்தைக்குப் பை வேண்டாம். எல்லாக் குழந்தைகளும் ஒரே வாரத்தில் அங்கே வரமாட்டார்கள். ஆகவே பையை அலமாரியில் பூட்டாதீர்கள். குழந்தைகளின் கைக்கு எட்டும் ஆணியில் மாட்டி, தேவைப்படுகிறவர்கள் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள். வாரக் கடைசியில் எந்தக் குழந்தை எந்தக் கணக்குக்குப் பையை எடுத்தது என்று நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த திங்கட்கிழமை பாடத்தைத் தொடங்க வேண்டிய இடம் அந்த வரியில் இருக்கும்.